அரை உயிரில் ஓடிய எஞ்சின்

பறக்கக் கற்றுக்கொடுக்கும்போது எஞ்சின் கோளாறை நாங்கள் பழக்குகிற முறையில் எனக்கு நீண்டநாள் மனக்குறை ஒன்று உண்டு. வயல்வெளிக்கு மேலே போகையில் ஆசிரியர் எஞ்சினின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் பிடியான திராட்டிலை முழுவதும் பின்னுக்கு இழுத்து, "எஞ்சின் போயிட்டுது, இப்ப என்ன செய்யப்போறீர்?" என்று கேட்பார். மாணவர் மூக்கைத் தாழ்த்துவார். செஸ்னா 172 என்றால் 65 நொட் வேகத்தைப் பிடித்துக்கொண்டு இறங்க இடம் தேடுவார். தேவையான பயிற்சிதான். ஆனால் நிஜத்தில் எஞ்சின் பல வேளைகளில் ஒரேயடியாக நிற்பதில்லை. கொஞ்சம் இழுக்கும், கொஞ்சம் விடும், நம்பிக்கை தரும், அப்புறம் அதையும் பறிக்கும்.

ஒற்றை எஞ்சின் விமானங்கள் மேலெழுந்த உடனே சக்தி இழந்த சம்பவங்களை, 2000 முதல் 2010 வரையான காலத்துக்கு, ஆஸ்திரேலியாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு தொகுத்துப் பார்த்தது. பாதியாகச் சக்தி இழந்தவை, முழுதாக நின்றவற்றைப்போல மூன்று மடங்கு. உயிர்கள் போனதும் அந்தப் பாதி இழப்புகளில்தான். எஞ்சின் முழுதாக நின்றால் விமானிக்குத் தெரிவு இல்லை, இறங்கியே ஆகவேண்டும். பாதி நின்றால் தெரிவு இருப்பதாகத் தோன்றும். அந்தத் தோற்றம்தான் ஆளைக் கொல்கிறது.

எனக்கு அப்படியொரு பாதி இழப்பு யாழ்ப்பாணக் குடாநாட்டில், வல்லை வெளிக்கு மேலே நடந்தது. ஆவணி மாதம், சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று பலமாக வீசிய நாள். பலாலி விமான நிலையத்தின் 23ஆம் ஓடுபாதையிலிருந்து தென்மேற்கு நோக்கி ஏறி, இடப்பக்கம் திரும்பி, அச்சுவேலியைத் தாண்டியிருந்தோம். உயரம் 1,500 அடி. இடது இருக்கையில் பயிற்சியில் இருந்த வடமராட்சிப் பெடியன். திடீரென்று முழு விமானமும் உதறத் தொடங்கியது. நிமிடத்துக்கு 2,400இல் இருந்த எஞ்சின் சுற்று 1,900க்கு விழுந்து அங்கேயே ஏறி இறங்கியது.

"சேர், நிற்கேல்லை, ஓடுதுதானே. பலாலிக்குத் திருப்புவமா?"

நல்ல கேள்வி. பலாலி ஏழு கிலோமீற்றர்கூட இருக்காது. ஆனால் திரும்பினால் சோளகம் முகத்தில் அடிக்கும். 172 எஞ்சின் இல்லாமல் ஆயிரம் அடி உயரத்துக்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீற்றர் மிதக்கும், அதுவும் காற்று இல்லாத நாளில். நடுவழியில் எஞ்சின் விட்டால் கீழே இருப்பது அச்சுவேலி, வசாவிளான் பக்கத்துத் தோட்டங்கள். வலிகாமத்துச் செம்மண்ணைத் தரையில் நின்று பார்க்கிறவர்களுக்கு அது தட்டையான நிலம். விமானி பார்த்தால் வேறு கதை. துண்டு துண்டாகச் சிறிய காணிகள், ஒவ்வொன்றுக்கும் வேலி அல்லது கல்மதில், நடுவில் திறந்த கிணறு, ஓரத்தில் வரிசையாகப் பனை. பனை வளைந்து கொடுக்கிற மரம் இல்லை. இதெல்லாம் போக, வீடுகளும் ஆட்களும்.

குடாநாட்டில் வளர்ந்தவன் என்பதால் இந்த நிலத்தை மேலிருந்து படிப்பதை நான் வழக்கமாக வைத்திருந்தேன். தென்மராட்சி வயல்கள் அறுவடைக்குப் பிறகு நல்லவை, மாரியில் சேறு. மணல்காட்டு மணல்மேடுகள் சில்லைப் பிடித்துக் குப்புறக் கவிழ்க்கும். முகமாலைப் பக்கத்து வெறும் வெளிகளைப் பார்த்து ஆசைப்படும்போது அங்கே புதைந்திருந்த கண்ணிவெடிகளை நினைக்காமல் இருக்க முடியாது. வல்லை உவர்நிலம். மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும், கோடையில் காய்ந்து இறுகிக் கிடக்கும். மரம் அரிது, வீடு இல்லை. பருத்தித்துறை வீதியோரத்து மின்கம்பிகளை விட்டு விலகினால் போதும்.

"ஐ ஹாவ் கொன்ட்ரோல்" என்று விமானத்தை என் கைக்கு வாங்கிக்கொண்டு, கார்புரேட்டருக்குச் சூடான காற்றை விடும் கார்புரேட்டர் ஹீற்றை இழுத்தேன். கடலோர ஈரக்காற்றில் வெயில் நாளிலும் கார்புரேட்டருக்குள் பனி பிடிக்கலாம், அதனால் முதல் சந்தேகம் அதில்தான். உதறல் குறையவில்லை. எரிபொருள் தெரிவுப் பிடி இரண்டு தாங்கிகளுக்கும் திறந்திருந்தது. எரிபொருளும் காற்றும் கலக்கும் அளவை மாற்றும் மிக்சரை மாற்றிப் பார்த்தேன், தீப்பொறி தரும் மக்னீற்றோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன், மாற்றமில்லை. உயரம் 1,200 அடிக்கு வந்துவிட்டது. பலாலிக் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு மேடே என்ற ஆபத்து அழைப்பைச் சொல்லி, இடத்தையும் சொன்னேன்.

வெளியின் வடகிழக்கு ஓரம்வரை போய், காற்றை எதிர்கொள்ளத் திரும்பினேன். இடம் கைக்குள் வந்துவிட்டது என்று உறுதியானதும், ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை நானே நிறுத்தினேன். மிக்சர் வெளியே, எரிபொருள் பூட்டு, மக்னீற்றோ ஓஃப். என் தொழிலில் நான் எடுத்த மிகக் கடினமான முடிவு அதுதான், இன்றைக்கும் அதைச் சரி என்றே சொல்வேன். கடைசி இருநூறு அடியில் எஞ்சின் திடீரென்று சக்தி கொடுத்தால் இறங்கும் இடத்தைத் தாண்டிப் போவோம். அதே இடத்தில் அது விட்டால் முன்னமே விழுவோம். நின்றுவிட்ட எஞ்சின் ஒன்றும் செய்யாது, அதனால் அதை நம்பலாம்.

வேகத்தைக் குறைக்க இறக்கையின் பின்விளிம்பிலுள்ள ஃபிளாப்பை முழுதாக இறக்கியபின், மின்சாரத்தை நிறுத்தும் மாஸ்ரர் சுவிச்சை அணைத்தேன். கதவுகள் இறுகிச் சிக்கிக்கொள்ளாமல் இருக்க முன்னமே திறந்துவிடச் சொன்னேன். தொட்டது மெதுவாகத்தான். பிறகு ஒரு பள்ளத்தில் முன்சில்லு மடங்கி, மூக்கு நிலத்தில் உரசி நின்றோம். இருவருக்கும் காயமில்லை.

மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஐயா ஒருவர்தான் முதலில் வந்தார். "தம்பியவை, அடி ஏதும் பட்டுதே?" என்று கேட்டுவிட்டு, "நான் பொம்பரெண்டு நினைச்சுக் குப்புறப் படுத்திட்டன்" என்றார். போர்க்காலத்துக் குண்டுவீச்சு விமானங்களின் சத்தம் அந்தத் தலைமுறையின் உடம்பில் இருக்கிறது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். பிறகு வீதியால் போனவர்கள் கூடினார்கள், வல்லைக் கோயிலில் இருக்கிற முனியப்பர் காப்பாற்றினார் என்றார்கள். பெடியன் அந்தத் திசையைப் பார்த்துக் கும்பிட்டான். நானும் கும்பிட்டேன்.

எஞ்சினைக் கழற்றியபோது ஒரு சிலிண்டரின் எக்ஸோஸ்ற் வால்வு வழிகாட்டிக்குள் இறுகிப்போய், அதைத் தள்ளும் புஷ்ரொட் வளைந்திருந்தது. ஈயம் கலந்த விமானப் பெற்றோலின் படிவும் கரியும் அந்த இடுக்கில் சேர்ந்தால் இப்படி ஆகும். நாலு சிலிண்டர்களில் ஒன்று வேலை செய்யாததால்தான் அந்த உதறல். இன்னும் பத்து நிமிடம் ஓடியிருக்குமா, பத்து செக்கன் ஓடியிருக்குமா என்று ஆகாயத்தில் இருந்த எங்களுக்குத் தெரிய வழியே இருக்கவில்லை.

இப்போது நான் திராட்டிலை முழுதாக இழுப்பதோடு நிறுத்துவதில்லை. 1,900 சுற்றில் வைத்துவிட்டு, பேசாமல் இருப்பேன். அநேகமாக எல்லா மாணவர்களும் உடனே விமான நிலையம் நோக்கித் திரும்புவார்கள், உயரம் மெல்ல மெல்லக் கரையும், கண் ஓடுபாதையிலேயே இருக்கும். கொஞ்ச நேரம் விட்டுப் பிடித்து, "இந்த நிமிசம் நிண்டால் எங்க இறங்குவீர்?" என்று கேட்பேன். கீழே விரலால் ஓர் இடத்தைக் காட்ட முடியாவிட்டால், முடிகிற இடத்துக்குத் திரும்பச் சொல்வேன். பயிற்சிப் பாடத்திட்டங்களில் இது கட்டாயமாக வரவேண்டும் என்று சந்திக்கிற ஆசிரியர்கள் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சிலர் தங்கள் மாணவர்களோடு தொடங்கியும் விட்டார்கள்.