சேவல் வராத கோழி இனம் எது? சிக்லாப் தரைவீட்டுக் குறிப்புகள்

ஏப்ரல்

நான் இருப்பது சிங்கப்பூரில், வீவக எனப்படும் அரசு அடுக்குமாடி வீட்டில். அங்கே கோழி வளர்க்க விதியே இடம் தராது. பெரியம்மா வீடு சிக்லாப் பக்கம், ஓப்பரா எஸ்டேட்டில் ஒரு வரிசைத் தரைவீடு. பின்பக்கம் துணி காயப்போடும் சிமென்டுத் தரை, அதை ஒட்டி ஒரு முருங்கை நிற்கும் மண் திட்டு. தரைவீட்டில் சொந்தத் தேவைக்குப் பத்துக் கோழி வரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் காக்கையும் மைனாவும் நுழைய முடியாதபடி வலையடித்த கூண்டுக்குள் இருக்க வேண்டும். பறவைக் காய்ச்சல் பயம். எங்கள் இடத்துக்கு நான்கு போதும் என்று முடிவு.

2022 ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது பெரியம்மாவுக்கு முளைத்த ஆசை இது. நிறைவேற்றும் பொறுப்பு மட்டும் என் தலையில்.

எந்த இனம் என்று தேடினால், கிடைக்கும் பட்டியல்களில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. முதல் கேள்வியே பனி தாங்குமா என்பதுதான். ஆர்பிங்டன், பிரம்மா, கொச்சின் எல்லாம் அங்கே முன்வரிசை: சாதுவானவை, உடம்பு பெரிது, இறகு அடர்த்தி. கடைசி இரண்டு குணமும் இங்கே கோழிக்குத் தண்டனை. பகலில் 32 பாகை சாதாரணம், இரவிலும் பெரிதாகக் குளிர்வதில்லை. கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். காற்றில் ஈரம் கூடினால் அந்த வழியும் பாதி அடைபடும். பிரம்மாவுக்கும் கொச்சினுக்கும் காலிலும் இறகு வேறு. மழைக்காலச் சேற்றில் அதை யார் கழுவுவது?

ஆக மூன்றும் கழிந்தன. வெயிலை மட்டும் பார்த்தால் வெள்ளை லெக்ஹார்ன்தான் சரி. மெலிந்த உடம்பு, பெரிய கொண்டை. அந்தக் கொண்டை வழியாக ரத்தம் ஓடிச் சூடு தணியும். ஆண்டுக்கு 280 முட்டை வரை போடும். ஆனால் நிழல் அசைந்தாலே அலறிக்கொண்டு பறக்கும் சாதி அது. பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் படுக்கையறைச் சன்னல் எங்கள் சுவரிலிருந்து கை நீட்டும் தூரம்.

பெரியம்மாவுக்கு வேறு கனவு. செம்பவாங் கம்பத்தில், அதாவது அந்தக் காலக் கிராமத்தில், வளர்ந்தவர். சிவப்புக் கொண்டையும் வளைந்த வாலுமாகச் சேவல் ஒன்று முன்னால் நடக்க வேண்டுமாம். "சேவல் இல்லாம என்னடா கோழி வளர்ப்பு? முட்டை எப்படி வரும்?" என்றார். முட்டைக்குச் சேவல் தேவையில்லை, குஞ்சுக்குத்தான் தேவை. அது அவருக்கும் தெரியும். சின் மிங் அவென்யூ விஷயத்தை நினைவுபடுத்தினேன். 2017 தொடக்கத்தில், அங்கே திரிந்த கோழிகளின் சத்தம் தாங்கவில்லை என்று புகார் போய், அதிகாரிகள் இருபதுக்கும் மேற்பட்ட கோழிகளைக் கொன்றார்கள். ஊரே அதைப் பற்றிப் பேசியது. பெரியம்மா அரை மனதாக விட்டுக்கொடுத்தார்.

அதன் பிறகுதான் எனக்கு உண்மையான கேள்வி பிடிபட்டது. எத்தனை முட்டை, என்ன நிறம் என்பதெல்லாம் அப்புறம். வாங்குவது பெட்டைதான் என்று குஞ்சிலேயே உறுதியாகத் தெரியுமா? இந்த ஊரில் முதலில் அதைக் கேட்க வேண்டும் என்பேன். கம்பத்துக் கோழிக்குஞ்சில் சாதாரணக் கண்ணுக்கு அது தெரியாது. சில்க்கி என்ற பஞ்சு இறகு இனத்தில் இன்னும் மோசம்; நாலைந்து மாதம் ஆசையாக வளர்த்த பிறகு ஒருநாள் விடியலில் அது கூவும்.

பழுப்பு முட்டைக் கலப்பினங்களில் இந்தத் தலைவலி இல்லை. ரோட் ஐலண்ட் ரெட் வகைச் சிவப்புச் சேவலையும், வெள்ளி நிற மரபணு உள்ள பெட்டையையும் இணைத்தால், பிறக்கும் பெட்டைக் குஞ்சு செம்பழுப்பாகவும் சேவல் குஞ்சு வெளிர் மஞ்சளாகவும் இருக்கும். பொரித்த அன்றே பிரித்துவிடலாம். பழுப்பு முட்டைப் பண்ணைகளில் இருப்பவை பெரும்பாலும் இந்த வகைதான். ஆண்டுக்கு 300 முட்டை, எடை இரண்டு கிலோ அளவு, ஆளைக் கண்டால் ஓடாது. 'இது இனமே இல்லை, கலப்பு' என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. சுளிக்கட்டும்.

எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூர் பாருவுக்குப் போனால் செராமா வாங்கலாமே என்று மாமா கேட்டார். கிளந்தானில் உருவான குட்டி இனம், அரைக் கிலோகூட வராது, நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் அழகே தனி. ஆனால் நாலைந்து முட்டை சேர்ந்தால்தான் நமது ஒரு முட்டை. தவிர, அனுமதியில்லாமல் உயிருள்ள பறவையைச் சோதனைச்சாவடி தாண்டிக் கொண்டுவருவது குற்றம். மாமா அதோடு பேச்சை மாற்றினார்.

கடைசியில், ஏற்கெனவே தரைவீட்டில் வளர்க்கும் ஒருவரிடமிருந்து மூன்று பழுப்பு இளம்பெட்டைகள். கூடவே, முட்டையிட்டுக்கொண்டிருந்த ஒரு வெள்ளை சில்க்கி. சில்க்கி பெரியம்மாவுக்கான சமாதானம். முட்டை போட்டுக்கொண்டிருப்பதால் கூவுமோ என்ற பயமில்லை.

ஜூன்

வெயில்தான் முதல் பரீட்சை. மதியம் இரண்டு மணிக்குப் பழுப்புகள் மூன்றும் இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி, வாய் திறந்து நின்றன. அந்த நேரம் தீவனத்தை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஒரு கோழிக்கு நாளொன்றுக்கு 110 கிராம் தேவை என்று கணக்கு. அதை விடிகாலையிலும் ஐந்து மணிக்குப் பிறகுமாகப் பிரித்துக் கொடுத்தோம். கூரைக்கு மேல் பச்சை நிழல்வலை, உள்ளே சின்ன மின்விசிறி, குளிரவைத்த தர்பூசணித் தோல். தேறிவிட்டன.

தண்ணீர்க் கிண்ணத்தைத் தூக்கிவிட்டு, கொத்தினால் சொட்டும் நிப்பிள் பொருத்தினேன். தேங்கிய தண்ணீரும் டெங்கிக் கொசுவும் எங்கள் வட்டாரத்தில் விளையாட்டல்ல.

சில்க்கிக்குத் தலைக் குடுமி கண்ணை மறைக்கும். எங்கிருந்து கொத்து விழுகிறது என்றே அதற்குத் தெரியவில்லை. குடுமியைக் கத்தரித்து, தனித் தட்டு வைத்ததும் சண்டை குறைந்தது. இனங்களைக் கலந்து வைப்பவர்கள் இதை எதிர்பார்த்தே இறங்க வேண்டும்.

ஆகஸ்ட்

பழுப்புகள் முட்டையிடத் தொடங்கிவிட்டன. முதலில் சிறுசு, பிறகு கடை அளவு. நமக்கு ஆண்டு முழுவதும் பகல் பன்னிரண்டு மணி நேரம். குளிர்நாடுகளில் பகல் சுருங்கும்போது முட்டை நின்றுபோகும். இங்கே அந்த இடைவெளி கிடையாது. பண்ணைகள் விளக்குப் போட்டு 14 முதல் 16 மணி நேரம் வெளிச்சம் தருவதால் அவற்றின் எண்ணிக்கை நமக்கு வராது. வாரத்தில் கோழி ஒன்றுக்கு ஐந்து முட்டை என்றாலும் இந்த வீட்டுக்கு மிச்சம்தான். ஆன்ட்டிக்கும் வாராவாரம் ஒரு தட்டு போகிறது. முட்டை போட்டதும் பழுப்புகள் போடும் கொக்கரிப்பைப் பற்றி அவர் இதுவரை வாயே திறக்கவில்லை. இது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

வெப்பத்தில் ஓடு மெலிந்தது. கோழி மூச்சிரைக்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, ஓடு கட்டும் பொருளும் சேர்ந்து குறைகிறது. சிப்பித்தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்தோம். மாலையில் கொத்திக்கொள்கின்றன.

சில்க்கி அடைக்கு உட்கார்ந்துவிட்டது. சேவலில்லாத முட்டை பொரியாது என்று அதற்கு யார் சொல்வது? பழுப்புகளின் முட்டையையும் வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டு, கை வைத்தால் உறுமுகிறது. கம்பி அடித்தளமுள்ள கூண்டில், கீழே காற்றோட்டம் படும்படி சில நாள் விட்டதும் அடை தெளிந்தது. அப்புறம் மறுபடி உட்கார்ந்தது. குஞ்சு பொரிக்கவைக்க விரும்புகிறவர்களுக்கு இது வரம். எங்களுக்கு முட்டை நஷ்டம்.

டிசம்பர்

வடகிழக்குப் பருவமழை. சில்க்கியின் இறகுக் கிளைகளுக்கு ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் கொக்கி கிடையாது, அதனால் தண்ணீர் வழிந்தோடாது. சாரலில் நனைந்தால் ஊறிய பஞ்சுதான். துண்டால் துவட்டி, உலர்த்தியால் காயவைத்துவிட்டு வர வேண்டும். பழுப்புகள் உதறிவிட்டுப் போகின்றன. கூரையை இரண்டடி நீட்டி, தரையை உயர்த்தினோம். ஈரப் படுக்கை கூடவே கூடாது: நாற்றம், ஈ, ரத்தக் கழிச்சல் மூன்றும் அங்கிருந்துதான் வரும். மரச்சீவல் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை, முருங்கைச் சருகும் சேர்கிறது.

ஓப்பரா எஸ்டேட் கூரைகளில் மூசாங், அதாவது மரநாய், நடமாடுவது எல்லோருக்கும் தெரிந்ததே. அதற்காகவே அறுகோண வலையைத் தவிர்த்து, அரை அங்குலப் பற்றவைத்த கம்பிவலை போட்டிருந்தோம். ஒரு இரவு கூரையில் நடந்தது, கீறியது, போய்விட்டது. மலைப்பாம்பையும் எண்ணிக் கதவுக்கு இரட்டைக் கொண்டி.

அடுத்து என்ன? கழுத்தில் இறகில்லாத இனத்தை வைத்துப் பார்க்க ஆசை. உடம்பிலும் இறகு குறைவு என்பதால் இந்த வெயிலுக்கு அதுதான் சரியான ஆள். உள்ளூரில் வளர்ந்த பெட்டை இன்னும் என் கண்ணில் படவில்லை. அதுவரை, இந்த மூன்றும் முட்டையைக் குறைக்கும்போது மறுபடியும் பழுப்புக் கலப்பினமே வாங்குவேன். பழசுகளை என்ன செய்வது என்று கேட்டேன். "முருங்கைக்கு எரு போடுதுல்ல, இருந்துட்டுப் போகட்டும்" என்றார் பெரியம்மா. பத்து வரை அனுமதி இருப்பதால் அதற்கும் தடையில்லை. இன்னொரு சில்க்கி மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.