கால்பந்தில் ஆறு விநாடி என்றால் எவ்வளவு நேரம்?

கோல்கீப்பர் பந்தைப் பிடிக்கிறார். அப்படியே குப்புற விழுந்து, தூங்குகிற குழந்தையை அணைத்த மாதிரி அதைக் கட்டிக்கொள்கிறார். மெல்ல எழுகிறார். “மேலே போங்கப்பா” என்று கையசைத்துத் தன் ஆட்களை விரட்டுகிறார். பெனால்டி பாக்ஸ் விளிம்புவரை ஒரு நடை. பந்தை இரண்டு தட்டு தட்டி, இடப்பக்கம் எறியப் போய், மனம் மாறி, கடைசியில் உதைக்கிறார். அவர் அணி ஒரு கோல் முன்னிலையில் இருந்தால் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணிப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும்.

கோல்கீப்பர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு எட்டுக்கு மேல் நடக்கக் கூடாது என்ற விதி 2000-இல் போனதிலிருந்து விதிப் புத்தகத்தில் இருந்தது ஆறு விநாடி, அதற்குள் பந்தைக் கையிலிருந்து விட்டாக வேண்டும். மீறினால் எதிரணிக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக் (இன்னொருவர் தொட்ட பிறகே கோலாகும் உதை), அதுவும் பாக்ஸுக்குள்ளேயே. இங்கேதான் நடுவருக்கு வயிற்றைக் கலக்கும். உதைக்கும் இடத்திலிருந்து கீப்பரின் அணி 9.15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், கோலுக்கு அவ்வளவு பக்கத்தில் அதற்கு இடமே இருக்காது. ஆகவே மொத்த அணியும் கோல் கோட்டின் மேல், கம்பத்துக்குக் கம்பம், ரேஷன் கடை வரிசை மாதிரி நிற்கும். கொஞ்சம் நேரம் கடத்தியதற்கு இத்தனை கலாட்டாவா என்று “சீக்கிரம், சீக்கிரம்” என்று கை காட்டுவதோடு நடுவர்கள் விட்டுவிடுவார்கள்.

அப்படி எல்லோரும் விட்டுவைத்த விதி, 2012 ஆகஸ்ட் 6 அன்று ஓல்ட் டிராஃபோர்டில் திடீரென்று கண்விழித்தது. ஒலிம்பிக் மகளிர் அரையிறுதி. கிறிஸ்டின் சின்க்ளேரின் ஹாட்ரிக்கால் அமெரிக்காவுக்கு எதிராகக் கனடா 3-2 முன்னிலை, முடியச் சுமார் பத்து நிமிடம். கனடா கோல்கீப்பர் எரின் மெக்லியோட் பந்தை அதிக நேரம் வைத்திருந்தார் என்று நார்வே நடுவர் கிறிஸ்டினா பெடர்சன் விசில் ஊதினார். அந்த ஃப்ரீ கிக்கில் அமெரிக்காவின் மேகன் ராபினோ அடித்த பந்து கனடா வீராங்கனையின் கையில் பட, பெனால்டி. ஆபி வாம்பாக் அடித்து 3-3. கூடுதல் நேரத்தில், 123-ஆவது நிமிடத்தில் அலெக்ஸ் மோர்கன் தலையால் முட்டி, அமெரிக்கா 4-3. புத்தகப்படி பார்த்தால் தப்பில்லை. ஆனால் ஊரே ஹெல்மெட் இல்லாமல் போகிற தெருவில் ஒரே ஒரு வண்டியை மட்டும் ஓரங்கட்டினால் எப்படி இருக்கும்?

2025-26 சீசன் முதல் அந்த ஆறு, எட்டு விநாடி ஆனது. கடைசி ஐந்தை நடுவர் கையை உயர்த்தி விரல்விட்டு எண்ணிக் காட்ட வேண்டும். மீறினால் ஃப்ரீ கிக்குக்குப் பதில் எதிரணிக்குக் கார்னர் (மைதான மூலையிலிருந்து உதை), கோல்கீப்பர் நின்ற இடத்துக்கு எந்தப் பக்கம் கிட்டவோ அங்கிருந்து. தண்டனையைக் குறைத்தால் ஊதத் தைரியம் வரும் என்ற கணக்கு, நல்ல கணக்குதான். ஆனால் எண்ணத் தொடங்குவது எப்போது? பந்து கீப்பரின் கட்டுக்குள் வந்துவிட்டது என்று நடுவருக்குத் தோன்றும்போது. விழுந்து கிடக்கிற கீப்பரைப் பார்த்து அது எப்போது தோன்றும் என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

பக்கக் கோட்டைத் தாண்டிய பந்தைக் கையால் உள்ளே எறிகிற த்ரோ-இன்னும் இதே ஜாதி. பந்து வெளியே போன இடத்திலிருந்துதான் எறிய வேண்டும். எறிபவரோ பஸ்ஸில் முன்னால் நகர்கிற மாதிரி ஐந்து, ஆறு மீட்டர் நகர்ந்துவிடுவார், யாரும் கேட்பதில்லை. பள்ளிக்கூட ஆட்டத்தில் சின்னப் பையன் எறியும்போது ஒரு கால் தூக்கிவிட்டால் மட்டும் பட்டென்று விசில்.

கார்னரில் நடப்பது தனிக் கூத்து. நடுமைதானத்தில் சட்டையை இழுத்தால் ஃபவுல். பாக்ஸுக்குள் அதே இழுப்பு, கூடவே ஒரு கட்டிப்பிடி, நடுவர் ஆட்டத்தை நிறுத்தி இரண்டு பேரையும் கூப்பிட்டுப் புத்தி சொல்கிறார். இருவரும் பிள்ளையார் முன் நிற்கிற பக்தியோடு தலையாட்டிவிட்டுப் போய் மறுபடி கட்டிப்பிடிக்கிறார்கள். பந்தை உதைக்கும் முன் நடந்தால் பெனால்டி தர விதியில் இடமில்லை, அட்டை மட்டும்தான் காட்டலாம். உதைத்த பிறகு நடந்தால் பெனால்டியே தரலாம். அந்த நொடியில் பாக்ஸுக்குள் நான்கு ஜோடி கட்டிப் புரளும். எதற்கு ஊதுவது?

தப்பாமல் கறாராக அமலாகிற விதி ஒன்று உண்டு. கோல் போட்ட மகிழ்ச்சியில் சட்டையைக் கழற்றினால் மஞ்சள் அட்டை. பிறகு அந்தக் கோல் செல்லாது என்று ஆனாலும் அட்டை செல்லும். அளக்கவும் வேண்டாம், எண்ணவும் வேண்டாம். சட்டை உடம்பில் இல்லை, அவ்வளவுதான்.

2010 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்தின் நைஜல் டி யோங், ஸ்பெயினின் சாபி அலோன்சோவின் நெஞ்சில் பூட்ஸ் ஆணியோடு உதைத்தார். நடுவர் ஹோவர்ட் வெப் காட்டியது மஞ்சள். அதே ஆட்டத்தில் 116-ஆவது நிமிடம் ஸ்பெயினின் இனியெஸ்டா கோப்பையை வென்று தந்த கோலைப் போட்டு, இறந்துபோன நண்பர் டானி ஹார்கேவின் பெயர் எழுதிய உள்சட்டை தெரிய மேல்சட்டையைக் கழற்றினார். அவருக்கும் மஞ்சள்.