நாளை விடுதலை: ஆடிக்கூழும் வாடகை டெக்கும்

ஆடிக்கூழ் காய்ச்சும் ஆடி முதலாந் திகதி ஜூலை 16இலோ 17இலோ வரும். கனடாவில் வளரும் எங்கள் பிள்ளைகளுக்கு அப்போது கோடை விடுமுறை தொடங்கி இரண்டு கிழமை கழிந்திருக்கும். இலண்டன் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இன்னும் மூடியிராது. மெல்பேர்ணில் நடுக்குளிர். ஆகவே யாழ்ப்பாணத்து நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டில் வரும் ‘நாளை விடுதலை’ (நாளை பள்ளிக்கூட விடுமுறை) என்ற இரண்டு சொல்லுக்குள் எவ்வளவு சந்தோசம் இருக்கிறது என்பதை இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லி விளங்கப்படுத்த முடியாது. கூழைக் காய்ச்சிக் கையில் கொடுத்தால் விளங்கும்.

கீழ் வகுப்பில் அந்தப் பாட்டை இராகத்தோடு பாடமாக்கினோம். அது ஒரு முழுமையான சமையற் குறிப்பு என்பது அந்த வயதில் யாருக்கும் தெரியவில்லை. பயறு வறுத்துக் குத்துவது, பச்சையரிசி இடித்துத் தெள்ளுவது, மாவைப் பதமாய் வறுப்பது, கொழுக்கட்டைக்கு உள்ளீடு வைப்பது, பிறகு தேங்காய்ப் பால், பனங்கட்டி, மாவுண்டை, பயறு, கடைசியாகக் கரைத்த மா என்று எல்லாம் வரிசையாக வருகின்றன. அந்த வரிசையிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பயறு முதலிலேயே அவிந்துவிடுகிறது. வேகாத பயற்றோடு பனங்கட்டியைச் சேர்த்தால், இனிப்பு ஏறிய தண்ணீரில் பயறு எவ்வளவு கொதித்தாலும் நறுக்கென்றே கிடக்கும். வெளிநாட்டில் கூழ் பிழைக்கும் வீடுகளில் பாதிப் பேர் விடும் தவறு இதுதான். எல்லாவற்றையும் ஒரே பானையில் ஒன்றாய்ப் போட்டு விடுகிறார்கள்.

மாவிலிருந்து தொடங்குவோம். பச்சையரிசியை இரண்டு மூன்று மணித்தியாலம் ஊறவிட்டு, வடித்து, இடித்து அரிக்க வேண்டும். உரலுக்குப் பதில் கிரைண்டர் போதும். ஆனால் அரிசியை ஈரம் ஒட்ட வடித்த பிறகுதான் போட வேண்டும், இல்லாவிட்டால் அலகில் பசையாய் அப்பிக்கொள்ளும். அரை கிலோ மா வறுக்க அகலமான தாச்சியில் இளநெருப்பில் பதினைந்து முதல் இருபது நிமிடம் செல்லும். முதலில் ஆவி பறக்கும், மா கட்டி கட்டியாய்ச் சேரும். பிறகு மெல்ல உதிர்ந்து மணல் போல ஓடத் தொடங்கும். ஒரு நுள்ளு எடுத்துக் கோலம் போடுவது போல இழுத்துப் பாருங்கள். கோடு அறாமல் விழுந்தால் இறக்குங்கள். நிறம் மாறவிடக் கூடாது. சிவந்துவிட்டால் வறுவல் மணம் தேங்காய்ப் பாலை அடித்துவிடும், கூழும் சரியாகத் தடிக்காது. குறைய வறுத்தால் எதிர்ப் பிழை: கூழ் களியாய் வாயில் ஒட்டும். கடையில் வறுத்த அரிசி மா வாங்குகிறவர்கள் பைக்கற்றை ஒருமுறை வாசித்து எடுங்கள். பக்கத்திலேயே புட்டுக்கான அவித்த கோதுமை மா அடுக்கியிருப்பார்கள், பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

பன்னிரண்டு பேர் ஆளுக்கொரு சிறு கோப்பை குடிக்கத் தேவையானவை இவை: கோது நீக்கிய பாசிப்பயறு 100 கிராம், கரைப்பதற்கு வறுத்த அரிசி மா 125 கிராம், மாவுண்டைக்கு இன்னொரு 75 கிராம், பனங்கட்டி 250 கிராம், ஒரு முழுத் தேங்காய், சொட்டுச் சொட்டாய் நறுக்க மேலும் கால் தேங்காய். அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள், அதே அளவு சீரகத்தூள், நாலு ஏலக்காய், ஒரு நுள்ளு உப்பு. மிளகு போட வேண்டாம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். போடத்தான் வேண்டும். அது இல்லாவிட்டால் கூழ் பாயாசமாய்ப் போய்விடும்.

பயற்றைத் தாச்சியில் மணம் வரும்வரை வறுத்து, ஒரு லீற்றர் தண்ணீரில் அவியுங்கள். விரலால் நசித்தால் நசிய வேண்டும், ஆனால் கரையக் கூடாது. அது அவியும் நேரத்தில் 75 கிராம் மாவைக் கொதிநீர் விட்டுக் குழைத்துக் கடலை அளவில் உருட்டி வையுங்கள். தேங்காயின் முதற்பால் ஒரு கோப்பை தனியே இருக்கட்டும். இரண்டாம், மூன்றாம் பால் சேர்த்து மூன்று கோப்பை எடுங்கள். பயறு அவிந்ததும் அந்தப் பாலில் இரண்டு கோப்பையை விட்டுக் கொதிக்க வைத்து, கொதி எழும்பும்போது மாவுண்டைகளைப் போட வேண்டும். போட்டதும் அகப்பையைக் கீழே வைத்துவிடுங்கள். உண்டை மேலே மிதந்து வரும்வரை துழாவினால் உடைந்து கரைந்துவிடும். பொறுமையில்லாத கை கூழைக் கெடுக்கும் இடம் இது.

உண்டை மிதந்த பிறகு பனங்கட்டி. அதை நேரே போடாமல் கொஞ்சம் சுடுநீரில் கரைத்து வடித்து விடுங்கள். குட்டானில், அதாவது சிறு பனையோலைப் பெட்டியில், வரும் கட்டியில் ஓலைத் துணுக்கும் மண்ணும் இருக்கும். கூழின் அடியில் நறநறக்கும் மண் குடிப்பவரின் பல்லில்தான் தெரியவரும். இனி மா. மிச்சமான ஒரு கோப்பைப் பால் ஆறியிருக்க வேண்டும். அதில் மாவைக் கட்டியில்லாமல் கரைத்து, நெருப்பைக் குறைத்து, ஒரு கை நூலாய் வார்க்க மறு கை துழாவ வேண்டும். சூடான பாலில் கரைத்தால் கரைக்கும்போதே கட்டிபடும். ஐந்தாறு நிமிடத்தில் கூழ் தடிக்கும். தேங்காய்ச் சொட்டு, தூள் வகை, உப்பு எல்லாம் போட்டுக் கடைசியாக முதற்பால். அதன் பிறகு தளதளவென்று கொதிக்கவிட்டால் பால் திரைந்து எண்ணெய் மிதக்கும். ஓரத்தில் சிறு குமிழி வந்ததும் இறக்குங்கள். ஆற ஆற இறுகும் என்பதால், நீங்கள் விரும்புவதிலும் சற்றுத் தண்ணியாய் இருக்கையிலேயே இறக்குவதுதான் கணக்கு.

புதுத் தேங்காய் கிடைக்காத ஊர்களில் உறைந்த தேங்காய்ப்பூவை முழுதாய் இளகவிட்டு வெதுவெதுப்பான நீரில் அடித்துப் பிழிந்தால் பேணிப் பாலிலும் நல்ல மணம் கிடைக்கும். பேணிதான் வழி என்றால் 400 மில்லிலீற்றர் பேணியைக் குலுக்காமல் திறந்து, மேலே படிந்த தடித்த பாலை முதற்பாலாக ஒதுக்கி, மிச்சத்தைத் தண்ணீர் விட்டு நீட்டுங்கள். ஆசியக் கடைகளில் பனஞ்சர்க்கரை என்று விற்கும் வட்டுகள் சிலவற்றில் கரும்புச் சீனி கலந்திருக்கும், நிறமும் வெளிறியிருக்கும். அவை இனிப்புக் கூடியவை. எனவே 200 கிராம் போட்டு ருசி பார்த்துவிட்டு மேலே போங்கள்.

கொழுக்கட்டைக்கு இரண்டு கோப்பை வறுத்த மாவுக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கோப்பைக் கொதிநீர். தண்ணீர் கொதித்தது போதாவிட்டால் ஓரம் வெடிக்கும். உள்ளீடு ஈரமாயிருந்தால் அவியும்போது வாய் பிளக்கும். அவித்த பயற்றைத் துணியில் பரப்பி நீர் உலர்த்தி, அதன் பிறகுதான் தேங்காய்ப்பூவும் பனங்கட்டித் தூளும் சேர்க்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு நிமிட ஆவி போதும். ஓரத்தைப் பல்லுப் பல்லாய் நுள்ளும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள், எங்களுக்கும் அதைத்தான் தந்தார்கள்.

கூழுக்கு அடுத்தபடியாக அந்த வயதில் எங்கள் எல்லோருக்கும் இருந்த ஒரே ஆசை படம். பெரியவர்கள் வின்சர், மனோகரா, ராஜா, ராணி என்று யாழ்ப்பாணத்துத் திரையரங்குப் பெயர்களைச் சொல்லிக் கலரியில் நெருக்குப்பட்டு இருந்து பார்த்த கதையைச் சொல்வார்கள். 1990இல் அங்கே மின்சாரம் நின்ற பிறகு பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குத் திரையரங்கு என்றால் யாரோ ஒரு வீட்டு முற்றந்தான். காசு சேர்த்து ரி.வி., டெக் (வீடியோ கசற் ஓட்டும் கருவி), கசற், ஜெனரேற்றர் நான்கையும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுப்பது வழக்கம். விடியும்வரை மூன்று படம்.

அந்த இரவின் உண்மையான கதாநாயகன் ஜெனரேற்றர்க்காரர். பெற்றோல் மிக அரிது, மண்ணெண்ணெய் உண்டு. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது. அதனால் ஒரு மூடி பெற்றோல் விட்டு இழுத்துப் புறப்படவைத்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். நிற்பாட்டுவதற்கு முன்னும் கொஞ்சம் பெற்றோலில் ஓடவிட வேண்டும். கார்புரேற்றரில் மண்ணெண்ணெய் தங்கினால் அடுத்த முறை எத்தனை இழுவை இழுத்தாலும் பிடிக்காது. ஸ்பார்க் பிளக்கில் கரி படிந்து நடுப்படத்தில் எஞ்சின் இருமும்போது, திரையில் படம் நான்கு பக்கமும் சுருங்கிவரும். எஞ்சின் வேகம் விழ வோல்ற்றேஜ் விழும், வோல்ற்றேஜ் விழ ரி.வி.யின் படம் சிறுக்கும். அவர் பிளக்கைக் கழற்றித் துடைக்கும் ஐந்து நிமிடத்தில் முற்றம் முழுக்க மிச்சக் கதையை ஊகித்துப் பேசிக்கொண்டிருக்கும்.

பல கை மாறிய கசற் என்றால் திரையில் மழை பெய்யும். முதலில் ட்ராக்கிங் குமிழைத் திருப்பிப் பார்ப்பார்கள். அதற்கும் மாறாவிட்டால் நாடாவை வாசிக்கும் ஹெட்டில் அழுக்கு. டெக்கின் மூடியைக் கழற்றி, ஸ்பிரிற் நனைத்த வெள்ளைக் கடதாசியை ஹெட்டில் அசையாமல் பிடித்து, மறு கையால் ஹெட் பொருந்திய உருளையை மெல்லச் சுற்ற வேண்டும். மேலும் கீழுமாய்த் தேய்த்தால் ஹெட் உடையும். பஞ்சு வைத்தால் நார் சிக்கும். அறுந்த நாடாவை ஒட்டும்போதும் ஒட்டு பின்பக்கத்தில் இருக்க வேண்டும், ஹெட் உரசும் பக்கத்தில் பசை வரக் கூடாது. வீட்டில் இன்னமும் கலியாண வீட்டுக் கசற் வைத்திருப்பவர்களுக்கு இந்த முறை இப்போதும் உதவும். கணினிக்கு மாற்றுவதற்கு முன் முழுதாய் ஒருமுறை முன்னே ஓட்டிப் பின்னே சுற்றுங்கள். வெண்பூஞ்சணம் தெரிந்தால் மட்டும் டெக்கில் போடவே வேண்டாம். அது ஹெட்டுக்கும், அடுத்துப் போடும் கசற்றுக்கும் பரவும்.

இந்த ஆடியில் சங்கத்தின் மண்டபத்தில் கூழ் காய்ச்சிப் படமும் போடலாம் என்பது என் ஆசை. ஐம்பது பேருக்கு மேலே சொன்ன அளவை நான்கால் பெருக்குங்கள்: பனங்கட்டி ஒரு கிலோ, பயறு 400 கிராம், கரைக்கும் மா அரைக் கிலோ, மாவுண்டைக்கு 300 கிராம், தேங்காய் ஐந்து. தண்ணீரை மட்டும் நான்கு லீற்றருக்குப் பதில் மூன்றரை விடுங்கள், பெரிய பானையில் வற்றுவது குறைவு. அடி தடித்த பானையாக இருக்கட்டும். அப்படியும் அடிப்பிடித்தால் சுரண்டாமல் மேலாக வேறு பானைக்கு ஊற்றிவிடுங்கள், சுரண்டினால் கருகல் மணம் முழுப் பானைக்கும் ஏறும். பலாவிலை கோலி ஈர்க்குக் குத்திக் குடிக்க இங்கே வழியில்லை. 150 மில்லிலீற்றர் தடித்த கடதாசிக் கோப்பை போதும். படம் பாதியில் இருக்கும்போது கூழ் இறுகிப்போனால் பச்சைத் தண்ணீர் விட வேண்டாம். ஒரு கோப்பைச் சுடுநீரும் கொஞ்சம் தேங்காய்ப் பாலும் விட்டு, இளநெருப்பில் அடியிலிருந்து துழாவுங்கள், பதம் திரும்பி வரும்.