பூவெடுக்கும் நேரத்தில் ஒரு தொலைநோக்கி

மதுரையை அடுத்த வலையங்குளம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மூன்று முறை வான்நோக்கு நிகழ்ச்சி நடத்தினோம். பள்ளி மைதானம், ராத்திரி ஏழு மணி, மைக்கில் அறிவிப்பு. பையன்கள் வந்தார்கள், வாத்தியார்கள் வந்தார்கள், டீக்கடையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பெண்களைக் காணோம். ‘பெண்களிடம் ஆர்வம் குறைவு’ என்று அறிக்கையில் எழுதி அனுப்பினேன். எழுதிய நானும் பெண்தான்.

நாலாவது முறை வீடு வீடாகச் சொல்லப் போனபோது ஒரு அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “எட்டு மணிக்குப் படுத்தாத்தான் டீச்சர் மூணு மணிக்குப் பூவெடுக்கப் போக முடியும். நாங்க முழிச்சிருக்கிற நேரத்துல நீங்க வர மாட்டீகள்ல?” நான் டீச்சர் இல்லை. தோளில் பை மாட்டிக்கொண்டு போகிற பெண் அங்கே டீச்சர்தான்.

2023 செப்டம்பர் 7, விடியற்காலை நாலரை மணி. ஆறு அங்குலத் தொலைநோக்கியை மல்லிகைத் தோட்டத்து வரப்போரம், எடை போடுகிற இடத்தில் நிறுத்தினோம். கிலோவுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. வெயில் ஏறுவதற்குள் எடுத்த மொட்டுக்குத்தான் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் விலை. ஐந்து நிமிடம் நின்று வானம் பார்த்தால் அந்த ஐந்து நிமிடக் கூலி போச்சு. ஆகவே தராசுக்கு முன்னால் காத்திருக்கும் ஓரிரு நிமிடம்தான் எனக்குக் கிடைத்த மேடை. ஒளியாண்டுக் கணக்கெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். அதை எடுக்கவே இல்லை.

முதலில் வந்தவர் நெற்றியில் கட்டிய டார்ச்சோடு குனிந்து டொக்கென்று இடித்துக்கொண்டார். விளக்கை அணைக்கச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. உச்சியில் சரிபாதி நிலா. குழிகளைப் பார்த்துவிட்டு, “நம்ம வண்டி எங்க நிக்குது?” என்றார். சந்திரயான் 3 இறங்கி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. தென்துருவப் பக்கம், இதில் தெரியாது, இறங்கிய இடத்தில் இப்போது இருட்டு, 4ஆம் தேதியே அதைத் தூங்க வைத்துவிட்டார்கள் என்றேன். “தூங்குதா? குடுத்து வச்ச வண்டி.” வரிசை முழுக்கச் சிரிப்பு.

அடுத்து கிழக்கே விடிவெள்ளி. உள்ளே தெரிந்தது மெல்லிய பிறை. “மறுபடி நிலாவையே காட்டுறீகளே.” அவரைக் குழாயை விட்டு விலகச் சொல்லி, அது எங்கே பார்க்கிறது என்று காட்டினேன். மறுபடி குனிவதற்குள் பிறை நகர்ந்து வெளியே போயிருந்தது. பூமி சுற்றுவதால் ஒரு நிமிடத்துக்கு ஒரு தடவை குழாயைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அதையும் ஒரு பெண்ணே செய்யத் தொடங்கிவிட்டார், என்னை விடப் பதமாக.

வெள்ளி சூரியனைச் சுற்றுவதை விளக்க வாயெடுத்தேன். தராசைப் பிடித்திருந்த பாட்டி குறுக்கே பேசினார்: “ஆடியில சாயங்காலம் மேக்கால நின்னுச்சு. பெறகு கொஞ்ச நாளு ஆளக் காணோம். ஆவணியில கெழக்கால வந்துருச்சு.” ஆகஸ்ட் 13 அன்று வெள்ளி பூமிக்கும் சூரியனுக்கும் நடுவே வந்தது. முன்னும் பின்னும் சில நாள் வெயிலில் மறைந்திருந்தது. நான் செயலியில் தேடி எடுத்த சேதியைப் பாட்டி வேலைக்குப் போகிற வழியிலேயே பார்த்து வைத்திருக்கிறார். எனக்கு மிச்சமிருந்தது ஒன்றுதான்: அது நடுவே வரும்போது ஒளி படாத பக்கம் நம்மைப் பார்க்கிறது, அதனால்தான் பிறை, விலகிப் போகப் போகப் பிறை பெருக்கும், ஆளோ சிறுக்கும். கலிலியோ 1610இல் இதைப் பார்த்துத்தான் வெள்ளி சூரியனைச் சுற்றுகிறது என்றார் என்பதையும் சொன்னேன். அதற்குள் தராசு காலியாகிவிட்டது.

அறிக்கைப் படிவத்தில் ‘மாணவர், ஆசிரியர், பொதுமக்கள்’ என்று மூன்று கட்டம். பொதுமக்கள்: 17. இலக்கு 200. மேலிடத்தில் கேட்டார்கள், பதில் சொன்னேன், அது தனிக் கதை. மூடநம்பிக்கையை ஒழிக்கிறோம் என்று ஊருக்குள் நுழைகிற எங்கள் பழைய துண்டறிக்கையை மட்டும் அதற்குப் பிறகு நான் எடுத்துப் போவதில்லை.

மார்கழியில் பூ குறைந்தபோது சாயங்காலமே வரச் சொல்லி அவர்களே கூப்பிட்டார்கள். வியாழனும் சனியும் இருந்தன. பாட்டி சனி வளையத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “பிறை இந்நேரம் பெருத்திருக்குமே?” என்றார். அது காலையில்தான் தெரியும் பாட்டி என்றேன். எட்டு மணிக்கு எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். பூ இல்லாத மாதத்திலும் அந்தப் பழக்கம் விடவில்லை.