மூன்று விதத் தரை, ஒரு வாக்குவம் கிளீனர்

எங்கள் வீட்டில் தரை மூன்று விதம். கூடமும் சமையலறையும் டைல்ஸ், இரண்டு படுக்கையறைகள் மரத்தரை, மகளின் அறையில் சுவருக்குச் சுவர் ஒட்டிய கார்பெட். இவை தவிர கூடத்தின் நடுவில், நூல் வளையம் வளையமாக நிற்கும் தடித்த விரிப்பு ஒன்று. இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு நல்ல வாக்குவம் கிளீனரைத் தேர்ந்தெடுக்க எனக்கு நான்கு மாதம் பிடித்தது. அதற்குள் ஒரு இயந்திரம் வந்து திரும்பியும் போய்விட்டது.

முதல் இயந்திரத்தை வாட்ஸ் பார்த்து வாங்கினேன். பெட்டியில் 2000 வாட்ஸ் என்று பெரிதாக எழுதியிருந்தது. எண் பெரிதென்றால் இழுக்கும் திறனும் பெரிதாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். அது நிமிர்ந்து நிற்கும் வகை. அடியில் உருளை பிரஷ், இயந்திரம் ஓடும்வரை அதுவும் சுற்றிக்கொண்டே இருக்கும். நிறுத்த வழியில்லை.

கார்பெட்டில் பிரமாதமாக வேலை செய்தது. முதல் நாளே அந்த அறையிலிருந்து வந்த முடியும் தூசியும் என்னைத் திகைக்க வைத்தன. டைல்ஸுக்கு வந்ததும் கதை மாறியது. எங்கள் வீட்டில் தரையைச் சோதிப்பது என் மாமியாரின் பாதங்கள்தான். செருப்பில்லாமல் நடப்பவர். கூடத்தை முடித்த பத்தாவது நிமிடம் கூப்பிட்டார்: “ஏம்மா, இப்பதானே மிஷின் போட்டே? கால்ல நறநறன்னு இருக்கே.”

குனிந்து பார்த்தால் உண்மைதான். சுற்றும் பிரஷ் மணலை உள்ளே அனுப்புவதற்குப் பதிலாகப் பின்பக்கம் தெறிக்கவிட்டிருந்தது. சுவரோரமெல்லாம் மணல். மரத்தரையிலோ கெட்டியான பிளாஸ்டிக் சக்கரத்தில் ஒரு சிறு கல் சிக்கி, மெல்லிய கோடு ஒன்றை இழுத்துவிட்டது. மூன்றாம் வாரம் விரிப்பின் ஒரு வளையத்தைப் பிரஷ் கவ்வி, விரல் நீளத்துக்கு நூலை உருவிவிட்டது. அன்றே திருப்பிக் கொடுக்க முடிவு செய்தேன்.

அதன் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். வாட்ஸ் என்பது மோட்டார் எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்ற கணக்கு. முனையில் எவ்வளவு இழுக்கிறது என்பதை அது சொல்லாது. ஐரோப்பிய ஒன்றியம் 2014 செப்டம்பரில் வீட்டு வாக்குவம் கிளீனர்களுக்கு 1600 வாட்ஸுக்குக் கீழ் என்று வரம்பு வைத்து, 2017 செப்டம்பரில் அதை 900க்குக் கீழ் இறக்கியது. அங்கேயும் வீடுகள் சுத்தமாகத்தானே இருக்கின்றன! காற்று எவ்வளவு ஓடுகிறது, எவ்வளவு அழுத்தத்தோடு இழுக்கிறது, வழியில் எங்கே கசிகிறது, இவைதான் முக்கியம். எனக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமாகத் தெரிந்தது, தரையைத் தொடும் முனை.

கார்பெட்டில் தூசி இழைகளின் அடியில் போய் உட்கார்ந்திருக்கும். வெறும் காற்றால் அது எழும்பாது, பிரஷ் தட்டி எழுப்ப வேண்டும். டைல்ஸிலும் மரத்திலும் தூசி மேலாகத்தான் கிடக்கும். அங்கே தேவை, தரையோடு படிந்து நகரும் மெத்தென்ற முனையும் நல்ல காற்றோட்டமும் மட்டுமே. ஒரு தரைக்கு உதவும் பிரஷே இன்னொன்றுக்குத் தொந்தரவு. ஆக, கலவையான தரை உள்ளவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “பிரஷை மட்டும் தனியாக நிறுத்த முடியுமா?” என்பதுதான்.

டேப்பை எடுத்து வீட்டை அளந்தேன். பத்தில் ஏழு பங்குக்கும் மேல் கெட்டித் தரை. கார்பெட்டுக்கான இயந்திரத்தை வாங்கி டைல்ஸ் வீட்டில் ஓட்டியிருக்கிறேன். இந்த அளவெடுப்பை நான் முதல் நாளே செய்திருக்க வேண்டும். அரை மணி நேர வேலை, எந்தக் கடைக்காரர் பேச்சையும்விடத் தெளிவாக வழி காட்டியது.

அடுத்து, உறவினர் ஒருவரிடமிருந்து கம்பியில்லாத குச்சி வகை ஒன்றை ஒரு வாரத்துக்கு இரவல் வாங்கினேன். டைல்ஸில் அருமை. முன்பக்கம் வெல்வெட் போன்ற உருளை, ஒரு மணல் துகளைக்கூட விடவில்லை. ஆனால் ஒரு மணி நேரம் ஓடும் என்று சொல்லப்பட்டது, கார்பெட்டில் முழு வேகத்தில் வைத்தபோது 11 நிமிடத்தில் நின்றது. பெட்டியில் எழுதும் நேரம் பெரும்பாலும் மிகக் குறைந்த வேகத்துக்கு, அதுவும் மோட்டார் இல்லாத முனையோடு. அப்புறம் எடை. மோட்டார், பேட்டரி, தூசிக் குடுவை எல்லாம் கைப்பிடியிலேயே இருப்பதால் என் மணிக்கட்டு இரண்டாவது அறையிலேயே வலிக்க ஆரம்பித்தது. சிறிய வீடு, பெரும்பாலும் கெட்டித் தரை என்றால் இதையே தயங்காமல் வாங்கச் சொல்வேன்.

குடுவையா பையா என்பதை என் மகளின் மூக்கு தீர்மானித்தது. அவளுக்குத் தூசி ஆகாது. குடுவையைத் தட்டிக் கொட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு புகைமண்டலம் எழும்பும், அவள் அடுத்த அறையில் இருந்தாலும் தும்முவாள். பை என்றால் வாயை மூடி அப்படியே தூக்கி எறியலாம். இதைப் பற்றிப் படிக்கும்போது ஒரு தகவல் என்னைத் தொட்டது. 1907இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் மர்ரி ஸ்பாங்க்ளர் என்ற துப்புரவுத் தொழிலாளி, கம்பளம் பெருக்கும்போது கிளம்பிய தூசி தன் ஆஸ்துமாவுக்கு ஒத்துக்கொள்ளாததால், ஒரு விசிறி மோட்டாரையும் துடைப்பக் கட்டையையும் தலையணை உறையையும் சேர்த்துத் தானே ஓர் இயந்திரம் செய்தார். அடுத்த ஆண்டே காப்புரிமையும் பெற்றார். கையில் எடுத்துப் போகும் மின்சார வாக்குவம் கிளீனருக்கு அது முன்னோடி. மூச்சு முட்டியவர் கண்டுபிடித்த பொருள் இது என்று தெரிந்தபோது, மகளுக்காக நான் பார்ப்பது வீண் நுணுக்கம் இல்லை என்று உறுதிப்பட்டது.

ஃபில்டரில் H13 தர ஹெப்பா தேடினேன். பிடிக்க மிகக் கடினமான அளவுள்ள நுண்துகள்களிலும் 99.95 சதவீதத்தைத் தடுக்கும் தரம் அது. ஆனால் ஃபில்டர் மட்டும் நல்லதாக இருந்து உடல் மூட்டுகள் கசிந்தால் பயனில்லை, தூசி பக்கவாட்டில் வெளியேறிவிடும். இருட்டு அறையில் இயந்திரத்தை ஓடவிட்டு, காற்று வெளியேறும் இடத்திலும் மூட்டுகளிலும் டார்ச் அடித்துப் பார்த்தேன். கசிந்தால் ஒளிக்கற்றையில் தூசி மிதப்பது தெரியும். பை நிறைய நிறைய இழுவை குறையும் என்பதையும் மனதில் வைக்க வேண்டும். காலிக் கொள்கலனோடு மட்டும் சோதித்து மதிப்பெண் போட்டதால்தான் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் 2018 நவம்பரில் வாக்குவம் கிளீனர்களின் ஆற்றல் லேபிள் விதியை ரத்து செய்தது. நான் பை முக்கால்வாசி நிறைந்ததும் மாற்றிவிடுகிறேன்.

கடைசிச் சுற்றுக்கு ஒரு சிறிய பையில் மணல், தலைமுடி, நூல் துண்டுகள் எடுத்துக்கொண்டு கடைகளுக்குப் போனேன். ஒரு கடையில் தரையில் போடவே விடவில்லை, நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இன்னொன்றில் விட்டார்கள். டைல்ஸ் இடுக்குகளில் மணலைப் போட்டு, ஒரே ஒரு முறை மெதுவாக இழுத்தேன். கார்பெட் துண்டில் முடியைக் காலால் தேய்த்து அழுத்திவிட்டு இழுத்தேன். அங்கேதான் ஒரு வித்தியாசம் புரிந்தது: காற்றின் வேகத்தில் சுற்றும் டர்பைன் பிரஷ், தடித்த கார்பெட்டில் அழுத்தினால் சோர்ந்து நின்றுவிடுகிறது. தனி மோட்டார் உள்ள பிரஷ் அப்படி நிற்கவில்லை.

வாங்கியது, பின்னால் இழுத்துவரும் வகை. 850 வாட்ஸ், பை, தனி மோட்டார் பிரஷ், அதைக் கைப்பிடியிலேயே நிறுத்தும் பொத்தான், கெட்டித் தரைக்கு மென்மயிர் முனை ஒன்று, ரப்பர் சக்கரங்கள். விரிப்பில் பிரஷை நிறுத்திவிட்டு, கைப்பிடியில் உள்ள காற்றுத் துளையைக் கொஞ்சம் திறந்து ஓட்டுகிறேன். முனை ஒட்டிக்கொள்வதும் இல்லை, வளையம் உருவுவதும் இல்லை.

குறைகளும் உண்டு. பை தீரும்போதெல்லாம் வாங்க வேண்டும். மகளின் அறைக்குப் போகும்போது முனையை மாற்ற வேண்டும். மாடிப்படியில் இயந்திரத்தை ஒரு கையில் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை உருளையில் சுற்றிய முடியைக் கத்தரித்து எடுக்கிறேன், விட்டால் பிரஷ் திணறுகிறது.

வந்த முதல் வாரம் மாமியார் கூடத்திலிருந்து படுக்கையறைவரை மெதுவாக நடந்தார். டைல்ஸில் நிற்கவில்லை, மரத்தரையிலும் நிற்கவில்லை. இரண்டும் சேரும் இடத்தில் ஒரு உலோகப் பட்டை உண்டு, அங்கே நின்று கால் விரலால் தடவினார். “இங்க மட்டும் கொஞ்சம் இருக்கும்மா” என்றார். இடுக்கு முனையை மாட்டி அதையும் இழுத்தேன்.