பர்லியார் வழி அடைத்தால்

ஐப்பசி, கார்த்திகை வந்தால் எங்கள் ஊர் டிரைவர்கள் யாரும் ராத்திரியில் போனை அணைப்பதில்லை. நீலகிரி மலையில் இருக்கும் கேத்தி பாலாடாவிலிருந்து அடிவாரத்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் லோடு அடிக்கும் பிக்கப் என்னுடையது. குன்னூர், பர்லியார், கல்லாறு என்று இறங்கும் மலைப்பாதையில் எங்காவது மண் சரிந்தால் என் பிழைப்பின் நேரமே மாறிவிடும்.

"அதான் கோத்தகிரி வழி இருக்கே" என்பார்கள் வெளியூர்க்காரர்கள். இருக்கிறது. ஆனால் பர்லியார் அடைத்த அன்றைக்கு ஊட்டி பஸ், டூரிஸ்ட் வேன், சிலிண்டர் லாரி எல்லாம் அந்த ஒரே ரோட்டில்தான் வரும். கட்டபெட்டு தாண்டுவதற்குள் விடிந்துவிட்டால் ஏலம் முடிந்த மண்டிக்குத்தான் போய்ச் சேர வேண்டும். அதனால் நள்ளிரவுக்கு மேல் எடுக்கிற வண்டியை அந்த நாட்களில் மதியச் சாப்பாட்டோடு எடுத்துவிடுவேன். பனி இறங்குமுன் அரவேணு, இருட்டுமுன் குஞ்சப்பனை. அங்கே யானை நிற்கும் என்பதால் அதற்குப் பிறகு வண்டி விட எனக்கு மனசில்லை. தூக்கம் மண்டி வாசலில், வண்டிக்குள்ளேயே.

இதில் டிரைவரைவிட முக்கியமான முடிவு தோட்டக்காரருடையது. கேரட் மண்ணுக்குள் இருக்கும்வரை நாலைந்து நாள் பொறுக்கும். பிடுங்கி, மெஷினில் கழுவி, மூட்டை கட்டிவிட்டால் பொறுக்காது. ஈர மூட்டை சூடேறி, கையை விட்டால் வழவழக்கும். எனவே மழை பிடித்ததும் நான் முதலில் போன் போடுவது தோட்டத்துக்குத்தான்: "அண்ணே, இன்னைக்குப் புடுங்க வேண்டாம்."

சேதி எங்கிருந்து வருகிறது? வாட்ஸ்அப் குரூப்பில் போன வருஷப் படத்தையும் இன்றைய படம் என்று போடுவார்கள். கீழிருந்து வரும் பஸ்தான் எனக்கு நம்பிக்கை. டயரிலும் மட்கார்டிலும் புதுச் செம்மண் அப்பியிருந்தால் எங்கோ சரிவில் ஏறி வந்திருக்கிறது என்று அர்த்தம். நிறுத்திக் கேட்டால் கண்டக்டர் இடத்தைச் சொல்லிவிடுவார்.

2024 மே மாதத்திலிருந்து சுற்றுலா வண்டிகள் மலைக்கு வர ஆன்லைனில் வாங்கும் இ-பாஸ் இருக்கிறதல்லவா, அதை வைத்துக்கொண்டு "பாஸ் குடுத்தாங்களே, ரோடு எப்படி மூடியிருக்கும்?" என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பாஸுக்கும் பாறைக்கும் என்ன சம்பந்தம்!

மஞ்சூர், கெத்தை, முள்ளி வழியாக, மேட்டுப்பாளையம் பக்கத்துக் காரமடைக்கு மூன்றாவது பாதையும் உண்டு. 43 கொண்டை ஊசி வளைவு, முழுக்கக் காடு. காலி வண்டியென்றால் யோசிக்கலாம், லோடோடு நான் போகமாட்டேன். 2009 நவம்பர் மழையில் நாற்பது பேருக்கு மேல் இறந்தபோது மலைப்பாதைகள் கிடந்த கோலத்தைப் பார்த்த பழைய டிரைவர்கள், கூடுதல் வாடகை கிடைக்கும் என்று ஓடுகிற பையன்களை இன்றும் அதட்டுவார்கள்.

பர்லியார் ரோட்டைத் திறந்துவிட்டதாகத் தகவல் வந்தாலும் முதல் நாள் அந்தப் பக்கம் போவதில்லை. ஜேசிபி மண்ணை ஒதுக்கிய இடத்தில் ஒரு பக்கமாக மட்டும் விடுவார்கள்; ஏறுகிற வண்டிகள் முடிந்தால்தான் இறங்குகிற வண்டிக்கு வழி. ஒரு நாள் நல்ல வெயில் அடிக்கட்டும், அப்புறம் போவோம். அதுவரைக்கும் கோத்தகிரிதான்.