மஞ்சளாகும் தொட்டிச்செடிகள்: இதுவரை செய்து பார்த்தது

வீட்டுக்குள் இருக்கும் தொட்டிச்செடிகளில் மணி பிளாண்ட், பீஸ் லில்லி, அரேகா பாம் மூன்றும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் மஞ்சளாக ஆரம்பித்தன. மூன்றுக்கும் ஒரே வைத்தியம் செய்துவிடலாம் என்றுதான் தோன்றும், ஆனால் மஞ்சள் எந்த இலையில், எப்படித் தொடங்குகிறது என்று பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும். அடி இலையா, கொழுந்தா, இலை முழுக்கவா, நரம்புக்கு நடுவில் மட்டுமா, புள்ளி புள்ளியாகவா? இதைப் பார்க்காமல் உரத்தை அள்ளிப் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

முதலில் மணி பிளாண்ட். அடி இலைகள் முழு மஞ்சளாகி, துவண்டு, தொட்டாலே காம்போடு கையில் வந்தன. மேல் மண் காய்ந்த மாதிரிதான் இருந்தது, விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டால் சொதசொதவென்று ஈரம். அன்பளிப்பாக வந்த செடி அது. அடியில் துளையே இல்லாத அலங்காரத் தொட்டிக்குள் பிளாஸ்டிக் தொட்டியை இறக்கியிருந்தார்கள், வடிகிற தண்ணீர் அங்கேயே தேங்கி நின்றிருக்கிறது. மண்ணின் இடைவெளிகளில் காற்று இருக்க வேண்டிய இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால் வேருக்கு ஆக்சிஜன் கிடைக்காது, அந்த வேரால் தண்ணீரையும் சத்தையும் இழுக்க முடியாது, அப்புறம் பித்தியம் மாதிரியான கிருமிகள் புகுந்து அழுக வைத்துவிடும். இதில் வேடிக்கை, மண் நிறைய ஈரம் இருந்தும் செடி வாடித்தான் நிற்கும். தாகம் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் ஊற்றினால் கதை முடிந்தது.

செடியை மண்ணோடு கவிழ்த்து எடுத்தேன். நல்ல வேர் வெளிர் நிறத்தில் கெட்டியாக இருக்கும். இதில் பாதிக்கு மேல் பழுப்பு, பிடித்து இழுத்தால் தோல் உருவிக்கொண்டு நடுவில் நூல் மாதிரி ஒன்றுதான் மிஞ்சியது, நாற்றம் வேறு. கத்தரிக்கோலை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு அழுகியதை எல்லாம் வெட்டினேன். கோகோபீட் (தென்னை நார்த் தூள்), மண்புழு உரம், அதோடு தண்ணீர் தேங்காமல் மண்ணை இளக்கமாக வைக்கும் பெர்லைட் என்ற வெள்ளைக் குருணை கொஞ்சம் தாராளமாகக் கலந்து, முன்பிருந்ததைவிடச் சிறிய தொட்டியில் நட்டேன். வேர் குறைந்த செடியைப் பெரிய தொட்டியில் வைத்தால் அவ்வளவு மண்ணின் ஈரத்தையும் குடிக்க ஆள் இருக்காது. வேறு உரம் எதுவும் கொடுக்கவில்லை. செடி போய்விட்டாலும் வாரிசு இருக்கட்டும் என்று கணுவோடு இரண்டு துண்டுகளை நறுக்கித் தண்ணீரிலும் போட்டு வைத்தேன். இப்போது தொட்டியைத் தூக்கிப் பார்த்து, கனம் குறைந்திருந்தால் மட்டும் தண்ணீர். முழு மஞ்சளான இலை திரும்பப் பச்சையாகாது, அதனால் பழைய இலையைப் பார்த்து ஏங்குவதில் பயனில்லை, புதுக் கொழுந்துதான் கணக்கு. அது வந்துவிட்டது, கொஞ்சம் சிறியதாக.

பீஸ் லில்லியின் கதையே வேறு. அடி இலைகள் கரும்பச்சையாக ஜோராக இருக்க, புது இலைகள் மட்டும் வெளுத்து, நரம்புகள் பச்சை வலை மாதிரி தெரிந்தன. தழைச்சத்தோ மக்னீசியமோ குறைந்தால் செடி பழைய இலையிலிருந்து எடுத்துப் புது இலைக்குக் கொடுத்துவிடும், அதனால் அடி இலைதான் முதலில் மஞ்சளாகும். இரும்புச்சத்தை அப்படி எளிதில் இடம் மாற்ற முடியாது. ஆகவே கொழுந்தில் இந்த வலை தெரிந்தால் முதல் சந்தேகம் இரும்பின் மேல். மண்ணில் இரும்பு இல்லை என்றுகூட அர்த்தமில்லை, மண்ணின் கார அமில அளவு (pH) 7-ஐத் தாண்டிக் காரப் பக்கம் போனால் இருக்கிற இரும்பு கரையாமல் கிடக்கும். உப்புத் தண்ணீர் ஊற்றி ஊற்றி மண் மேலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளைப் படிவு ஏறியிருந்ததால் அதைத்தான் சந்தேகப்பட்டேன். மழைநீரை நிறைய ஊற்றி அடித்துளை வழியாக வடியவிட்டு, அப்புறம் செலேட் வடிவ (அதாவது கார மண்ணிலும் கரைந்தே இருக்கும்படி செய்த) இரும்பு உரத்தைப் பாக்கெட்டில் போட்டிருந்த அளவில் பாதி மட்டும் கொடுத்தேன். லேசாக வெளுத்திருந்த இலைகள் ஓரளவு தேறின, அடுத்து விரிந்த இலை பச்சையாகவே வந்தது. எப்சம் உப்பு போடச் சொல்லிப் பலர் சொல்வார்கள், அது மக்னீசியம் சல்பேட், இந்த நோய்க்கு அது மருந்தே இல்லை.

அரேகா பாம்தான் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. ஊசியால் குத்தியது போல மஞ்சள் புள்ளிகள், இலையின் அடியில் மெல்லிய நூலாம்படை. வெள்ளைக் காகிதத்தின் மேல் இலையைத் தட்டினால் தூசி போல விழுந்தவை நடக்க ஆரம்பித்தன. செஞ்சிலந்திப் பேன், வறண்ட சூடான காற்று என்றால் அதற்குக் கொண்டாட்டம். செடியைக் குளியலறையில் வைத்து இலையடியில் படும்படி தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவினேன், பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில துளி சோப்புத் திரவம் கலந்து சாயங்காலமாகத் தெளித்தேன். வெயிலில் தெளித்தால் இலை கருகும். முட்டைகள் தப்பித்துப் பொரிந்துவிடுவதால் ஒருமுறையோடு விட முடியாது, வாரத்துக்கு ஒரு முறையாவது திரும்ப அடிக்க வேண்டும். மற்ற செடிகளிலிருந்து தள்ளித் தனியாக வைத்திருக்கிறேன். காகிதத்தில் தட்டினால் இப்போதும் ஒன்றிரண்டு நடக்கின்றன, அதனால் அடுத்த வாரமும் கழுவல், தெளிப்பு உண்டு.